வேதக்காரர்களை அறிவோம்: கத்தோலிக்கத் திருச்சபையின் நம்பிக்கையும் அமைப்பும்

அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ் ஒருவனுக்கே புகழனைத்தும் உரித்தாகுக! இறுதித் தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் என்றென்றும் நிலவுவதாக!



2025ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் கத்தோலிக்கக் கிறிஸ்தவர்களின் தலைவரான போப் பிரான்சிஸ் மரணமடைந்தார். மே 8ஆம் நாள் வாடிகனிலுள்ள சிஸ்டைன் சிற்றாலயத்தின் புகைபோக்கியிலிருந்து வெண்புகை எழுந்தது. அமெரிக்காவில் பிறந்த கர்தினால் ராபர்ட் பிரிவோஸ்ட், பதினான்காம் லியோ என்னும் பெயருடன் புதிய போப்பாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். உலகமே அந்தப் புகையை உற்றுநோக்கிக் கொண்டிருந்தது. போப் என்பவர் யார்? எல்லாக் கிறிஸ்தவர்களுக்கும் அவர்தாம் தலைவரா? பாதிரியாரிடம் சென்று பாவத்தை ஏன் சொல்கிறார்கள்? இத்தகைய கேள்விகள் நம் பிள்ளைகளின் உள்ளத்திலும் எழுவது இயல்பே. அவர்களில் பலர் கத்தோலிக்கத் துறவியரும் கன்னியரும் நடத்தும் பள்ளிகளில் பயில்கிறார்கள். ஒரே தெருவில் அவர்களோடு வாழ்கிறோம்.

இக்கேள்விகளுக்குச் செவிவழிச் செய்திகளைக் கொண்டு விடையளிப்பது ஒரு முஸ்லிமுக்கு அழகன்று. நமக்கு அறிவில்லாத ஒன்றைப் பின்தொடர வேண்டாமென்று அல்லாஹ் தடுத்திருக்கிறான் (17:36). ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதியிலிருந்து பிறழச் செய்துவிடக் கூடாதென்றும் எச்சரித்திருக்கிறான் (5:8). வேதக்காரர்கள் அனைவரும் ஒரே மாதிரியானவர்கள் அல்லர் என்பதும் அவனது வாக்கே (3:113). ஆகவே, கத்தோலிக்கர் எதை நம்புகிறார்கள், அவர்களின் திருச்சபை எவ்வாறு அமைந்தது என்பதை உள்ளபடி அறிந்து, அதன்பின் நமது நிலைப்பாட்டைச் சொல்வோமாக!

நஜ்ரான் தூதுக்குழு காட்டும் வழி

இதற்கு முன்மாதிரி நபியவர்களின் வாழ்விலேயே இருக்கிறது. யமனை அடுத்த நஜ்ரானிலிருந்து ஏறத்தாழ அறுபது கிறிஸ்தவர்கள் மதீனாவுக்கு வந்தனர். அவர்களுள் ஆட்சிப் பொறுப்புடையவர் ஒருவர், பயணப் பொறுப்புடையவர் ஒருவர், மார்க்கப் பொறுப்புடைய ஆயர் ஒருவர் என மூன்று தலைவர்கள் இருந்ததாக வரலாற்றாசிரியர் இப்னு இஸ்ஹாக் குறிப்பிடுகிறார். அவர்களது வணக்க நேரம் வந்தபோது, மஸ்ஜிதுந் நபவியிலேயே கிழக்கு நோக்கி வணங்க முற்பட்டனர். தோழர்கள் தடுக்க முனைந்தபோது, அவர்களை விட்டுவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள்.

பின்னர் ஈஸா (அலை) அவர்களைப் பற்றி உரையாடல் நிகழ்ந்தது. நபியவர்கள் சத்தியத்தைச் சிறிதும் மறைக்கவில்லை. முபாஹலா எனும் சத்தியப் பிரமாணத்துக்கும் அழைத்தார்கள் (3:61). அவர்கள் அதற்கு இணங்காமல் உடன்படிக்கை செய்துகொண்டு திரும்பினர். ஆயர் எவரும் தம் பதவியிலிருந்தும், துறவி எவரும் தம் மடத்திலிருந்தும் அகற்றப்பட மாட்டார் என்பது அவ்வுடன்படிக்கையின் உள்ளடக்கங்களுள் ஒன்று. கொள்கையில் உறுதி, நடத்தையில் நீதி, அவர்களின் அமைப்பைப் பற்றிய தெளிவு ஆகிய மூன்றையும் இந்நிகழ்வில் ஒருசேரக் காண்கிறோம்.

ரூம் எது? உரோமை எது?

இங்கே ஒரு குழப்பத்தை நீக்கிவிட வேண்டும. திருக்குர்ஆனின் முப்பதாம் அத்தியாயமாகிய அர்ரூமில் பேசப்படுவது, கான்ஸ்டான்டிநோபிளைத் தலைநகராகக் கொண்ட கிழக்கு உரோமைப் பேரரசாகும். நபியவர்கள் கடிதம் எழுதி அனுப்பிய ஹிர்கல் அப்பேரரசின் மன்னர். போப் வாழ்ந்ததோ இத்தாலியின் உரோமை நகரில். அந்நகரும் அக்காலத்தில் அப்பேரரசின் ஆளுகைக்கு உட்பட்டதாகவே இருந்தது. நபித்துவத்துக்கு ஆறாண்டுகளுக்கு முன், கி.பி. 604இல் மறைந்த முதலாம் கிரிகோரி, உரோமை ஆயர் பதவியின் செல்வாக்கைப் பெரிதும் உயர்த்தியவர். நபியவர்களின் இறுதிக் காலத்தில் அப்பதவியில் இருந்தவர் ஹொனோரியுஸ். இவரைப் பற்றிப் பின்னர் காண்போம்.

பேதுருவிலிருந்து போப் வரை

ஈஸா (அலை) அவர்களின் தோழர்களாகிய ஹவாரிய்யூன்களைத் திருக்குர்ஆன் புகழ்ந்துரைக்கிறது. அல்லாஹ்வின் உதவியாளர்களாக இருக்க முன்வந்தவர்கள் என்று அவர்களை அறிமுகப்படுத்தி, நம்மையும் அவ்வாறே இருக்கப் பணிக்கிறது (61:14). அவர்களின் பெயர்களை அது கூறவில்லை. கிறிஸ்தவர்கள் பன்னிரு சீடர்களின் பெயர்களைச் சொல்வர். அவர்களுள் முதன்மையானவர் சீமோன் எனும் பேதுரு. அவரிடம் இயேசு தம் சபையின் தலைமையை ஒப்படைத்தார் என்றும், அவர் உரோமையில் நீரோ மன்னன் காலத்தில் கொல்லப்பட்டார் என்றும், உரோமையின் ஆயர்கள் அனைவரும் அவரது வாரிசுகள் என்றும் கத்தோலிக்கர் நம்புகின்றனர். போப் பதவியின் அடித்தளம் இந்நம்பிக்கையே.

தொடக்கத்தில் உரோமைப் பேரரசால் கொடுமைக்குள்ளான கிறிஸ்தவர்களுக்கு 313இல் கான்ஸ்டன்டைன் மன்னனின் காலத்தில் மதச் சுதந்திரம் கிடைத்தது. 325இல் அம்மன்னனே நீகேயா நகரில் ஆயர்களைக் கூட்டினான். இன்றைய துருக்கியின் இஸ்னிக் நகரமே அது. இயேசு படைக்கப்பட்டவர் என்று போதித்த ஆரியுஸ் என்னும் பாதிரியாரின் கருத்து அங்கே நிராகரிக்கப்பட்டது. இயேசு தந்தையோடு ஒரே தன்மையுடையவர் என்பது விசுவாச அறிக்கையாக்கப்பட்டது. 381இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய சங்கம் தூய ஆவி பற்றிய கோட்பாட்டை விரிவாக்கியது. 431இல் எபேசு சங்கம் மர்யம் (அலை) அவர்களைக் கடவுளின் தாய் என்று அழைப்பதை உறுதி செய்தது. 451இல் கால்செதோன் சங்கம் இயேசுவுக்கு இறைத்தன்மை, மனிதத்தன்மை என இரண்டு தன்மைகள் உண்டென அறிவித்தது.

சகோதரர்களே! இந்த ஆண்டுகளைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஈஸா (அலை) அவர்கள் உயர்த்தப்பட்டு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் கழிந்த பின்னரே, அவர்கள் யார் என்பதற்கான சொற்கள் சங்கங்களில் விவாதித்து முடிவு செய்யப்பட்டிருக்கின்றன. அச்சொற்கள் தொடக்க முதல் இருந்த நம்பிக்கையின் விளக்கமே என்பது அவர்கள் தரப்பு வாதம். ஈஸா (அலை) அவர்களின் தூய போதனையைத் திருக்குர்ஆனே மீட்டுத் தந்தது என்பது நமது ஈமான்.

இச்சங்கங்களுக்குப் பின்னரும் பிளவுகள் ஓயவில்லை. கால்செதோன் முடிவை ஏற்காத எகிப்து, சிரியா, அர்மீனியா நாட்டுச் சபைகள் தனித்து நின்றன. 1054இல் உரோமையும் கான்ஸ்டான்டிநோபிளும் ஒன்றையொன்று சபையிலிருந்து விலக்கின. மேற்கிலிருந்தோர் கத்தோலிக்கர் என்றும், கிழக்கிலிருந்தோர் ஆர்த்தடாக்ஸ் என்றும் பிரிந்தனர். 1517இல் ஜெர்மனியின் மார்ட்டின் லூதர், பணம் பெற்றுக்கொண்டு பாவத் தண்டனைக் குறைப்புப் பத்திரங்களை வழங்கும் முறையைக் கண்டித்து எழுந்தார். புராட்டஸ்டன்ட் சபைகள் அதிலிருந்து தோன்றின. ஆகவே, எல்லாக் கிறிஸ்தவர்களுக்கும் போப் தலைவர் அல்லர். ஏறத்தாழ 140 கோடிப் பேராகிய கத்தோலிக்கருக்கே அவர் தலைவர்.

அவர்கள் நம்புவது என்ன?

கத்தோலிக்கரின் முதன்மை நம்பிக்கை திரித்துவம். தந்தை, மகன், தூய ஆவி என மூன்று ஆட்களாக ஒரே கடவுள் இருக்கிறார் என்பர். தாங்கள் மூன்று கடவுளரை வணங்குவதாகக் கூறினால் அதனை அவர்கள் ஏற்பதில்லை. மர்யம் (அலை) அவர்கள் அம்மூவரில் ஒருவர் என்று அவர்களின் திருச்சபை போதிப்பதாகச் சொல்வதும் பிழையே. அவர்களின் சொல்லை அவர்கள் சொல்லும் விதத்திலேயே எடுத்துக்கொண்டு, அதற்கு நமது மறுப்பைத் தெரிவிப்பதே நேர்மை. அல்லாஹ் தனித்தவன், தேவையற்றவன், பெறாதவன், பெறப்படாதவன் என்னும் இக்லாஸ் அத்தியாயத்தின் கருத்தே நமது அடித்தளம். ஈஸா (அலை) அவர்கள் தந்தையின்றிப் பிறந்தது அவர்களை இறைமகனாக்காது. தாயும் தந்தையும் இன்றிப் படைக்கப்பட்ட ஆதம் (அலை) அவர்களை அல்லாஹ் இதற்கு உவமையாகக் காட்டுகிறான் (3:59).

இரண்டாவது, மீட்பு. ஆதி மனிதனின் பாவம் சந்ததி முழுவதையும் தொடர்கிறது, இயேசு சிலுவையில் மரித்து அதற்குப் பரிகாரமானார் என்பது அவர்களின் நம்பிக்கை. ஆதம் (அலை) அவர்கள் பாவமன்னிப்புக் கோரினார்கள், அல்லாஹ் மன்னித்தான் (2:37), ஒருவரின் சுமையை மற்றவர் சுமக்க மாட்டார் (6:164), ஈஸா (அலை) அவர்கள் சிலுவையில் அறையப்படவில்லை (4:157) என்பது திருக்குர்ஆனின் அறிவிப்பு.

மூன்றாவது, மர்யம் (அலை) அவர்களும் புனிதர்களும். திருக்குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் ஒரே பெண்மணி மர்யம் (அலை) அவர்களே. முப்பத்து நான்கு இடங்களில் அவர்களது பெயர் வருகிறது. கத்தோலிக்கர் அவர்களை வணங்குவதில்லை, வணக்கத்துக்கும் வேறான ஓர் உயர்ந்த மரியாதையையே செலுத்துகிறோம், தங்களுக்காக இறைவனிடம் பரிந்துபேச வேண்டுகிறோம் என்பர். அவர்கள் பாவக்கறையின்றி உற்பவித்தார்கள் என்பதை 1854இலும், உடலோடு விண்ணகம் எடுத்துக்கொள்ளப்பட்டார்கள் என்பதை 1950இலும் போப்புகள் கட்டாய நம்பிக்கையாக அறிவித்தனர். மர்யம் (அலை) அவர்களின் மீதுள்ள அன்பில் நாம் அவர்களுக்கு நெருக்கமானவர்கள். எனினும் பிரார்த்தனையே வணக்கம் என்பது நபிமொழியின் கருத்து. எனவே கையேந்துவது அல்லாஹ் ஒருவனிடமே என்னும் எல்லையில் நாம் நின்றுவிடுகிறோம்.

நான்காவது, ஏழு அருளடையாளங்கள். திருமுழுக்கு, உறுதிப்பூசுதல், நற்கருணை, ஒப்புரவு, நோயில்பூசுதல், குருத்துவம், திருமணம் என்பன அவை. குருவானவர் திருப்பலியில் அப்பத்தையும் திராட்சை இரசத்தையும் எடுத்து ஓதும்போது, அவை கிறிஸ்துவின் உடலாகவும் இரத்தமாகவும் மாறுகின்றன என்று நம்புகின்றனர். ஒப்புரவு என்பது குருவிடம் தனியே பாவத்தை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறுவது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் இதைச் செய்ய வேண்டுமென 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் விதித்தது. அவ்வாறு கேட்டதை உயிரே போனாலும் வெளியிடக் கூடாதென்பது குருவுக்குரிய கண்டிப்பான விதி.

இங்கேதான் ஒரு முக்கியமான உண்மை புலப்படுகிறது. குரு இல்லையேல் திருப்பலி இல்லை, ஒப்புரவு இல்லை. ஆயர் இல்லையேல் குரு இல்லை. போப்போடு ஒன்றித்திராத ஆயர் கத்தோலிக்க ஆயராக இருக்க முடியாது. ஆக, கத்தோலிக்கத்தில் நிர்வாக அமைப்பு என்பது நம்பிக்கையின் ஒரு பகுதியாகவே பின்னப்பட்டிருக்கிறது.

திருச்சபையின் கட்டமைப்பு

கத்தோலிக்கம் என்னும் கிரேக்கச் சொல்லுக்கு உலகளாவியது என்பது பொருள். அடிப்படை அலகு பங்கு. அதனை நடத்துபவர் பங்குத்தந்தை. பல பங்குகள் சேர்ந்தது மறைமாவட்டம். அதன் தலைவர் ஆயர். மறைமாவட்டங்கள் சில சேர்ந்த மறைமாநிலத்துக்குப் பேராயர் தலைமை வகிப்பார். தமிழகம், புதுவைப் பகுதிகளில் சென்னை-மயிலை, மதுரை, புதுச்சேரி-கடலூர் ஆகியவை உயர்மறைமாவட்டங்கள். உலகெங்கும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மறைமாவட்டங்களும் அவற்றுக்கு இணையான பகுதிகளும், ஏறத்தாழ 4 லட்சம் குருக்களும் உள்ளனர். இலத்தீன் வழிபாட்டு முறையில் ஆயர்களை நியமிப்பவர் போப். ஆயர் எழுபத்தைந்து வயதானதும் பதவி விலகல் கடிதம் கொடுக்க வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை உரோமைக்குச் சென்று தம் மறைமாவட்டத்தின் நிலையை அறிக்கையாக அளிக்க வேண்டும். கேரளத்தின் சீரோ மலபார் சபையைப் போன்ற இருபத்து மூன்று கிழக்கத்தியச் சபைகள் தம் சொந்த வழிபாட்டு மரபோடு போப்பின் தலைமையை ஏற்றவை.

இலத்தீன் மரபில் குருக்கள் மணம் செய்வதில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டின் லாத்தரன் சங்கங்கள் இதனைக் கண்டிப்பான சட்டமாக்கின. துறவறம் அவர்கள் தாமாகவே உண்டாக்கிக்கொண்டது, அல்லாஹ் அதனை விதிக்கவில்லை என்னும் திருவசனத்தை (57:27) இங்கே நினைவுகூரலாம். அதே வேளையில், அவர்களிடையே கர்வமற்ற பாதிரிகளும் துறவிகளும் இருப்பதை நம்பிக்கையாளர்களோடு அவர்களுக்குள்ள நெருக்கத்துக்குக் காரணமாகச் சொல்வதும் திருக்குர்ஆனே (5:82).

போப்புக்கு அடுத்த நிலையில் கர்தினால்கள் உள்ளனர். போப்பைத் தேர்ந்தெடுக்கும் உரிமை 1059இல் அவர்களுக்குரியதாக்கப்பட்டது. மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்பது 1179இல் முடிவானது. 1268 முதல் 1271 வரை விட்டெர்போ நகரில் ஏறத்தாழ மூன்றாண்டுகள் போப்பைத் தேர்ந்தெடுக்க முடியாமல் இழுபறி நீடித்தது. பொறுமையிழந்த ஊரார் கர்தினால்களை உள்ளே வைத்துப் பூட்டினர். அங்கே தேர்வான பத்தாம் கிரிகோரி, 1274இல் பூட்டிய அறைக்குள் தேர்தல் நடத்தும் முறையைச் சட்டமாக்கினார். இன்று எண்பது வயதுக்குட்பட்ட கர்தினால்களுக்கே வாக்குரிமை. 2025இல் 133 பேர் வாக்களித்தனர். முடிவு எட்டாதபோது கரும்புகையும், தேர்வானபோது வெண்புகையும் வெளிவரும்.

போப்புகள் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக இத்தாலியின் நடுப்பகுதியை அரசர்களாகவும் ஆண்டனர். 1870இல் இத்தாலியப் படை உரோமையைக் கைப்பற்றியதோடு அது முடிந்தது. 1929ஆம் ஆண்டின் லாத்தரன் உடன்படிக்கையால் ஏறத்தாழ 44 ஹெக்டேர் பரப்புள்ள வாடிகன் தனிநாடாயிற்று. அதே 1870இல்தான் முதலாம் வத்திக்கான் சங்கம், போப் தவறா வரமுடையவர் என்ற கோட்பாட்டை அறிவித்தது. அவர் பேசுவதெல்லாம் பிழையற்றவை என்பது இதன் பொருளன்று. நம்பிக்கை, ஒழுக்கம் பற்றி முழுத் திருச்சபைக்கும் கட்டாயமானதாக அவர் முறைப்படி வரையறுப்பதில் தவறு நேராது என்பதே அதன் பொருள். முன்னர்க் குறிப்பிட்ட ஹொனோரியுஸை, அவர் இறந்து பல்லாண்டுகள் கழித்து, 680-681இல் கூடிய கான்ஸ்டான்டிநோபிள் சங்கம் கொள்கைப் பிழைக்காகக் கண்டித்திருந்தது. 1870இல் இக்கோட்பாட்டை எதிர்த்த ஆயர்கள் இதனைச் சான்றாகக் காட்டினர். ஹொனோரியுஸ் எழுதியது முறையான வரையறை அன்று என்பது மறுதரப்பின் பதிலாக இருந்தது.

வாளும் கடிதமும்

முஸ்லிம்களோடு இத்திருச்சபை கொண்ட உறவின் வரலாறு ஒரே நிறமுடையதன்று. 1076இல் போப் ஏழாம் கிரிகோரி, இன்றைய அல்ஜீரியாவை ஆண்ட அந்நாஸிர் என்னும் முஸ்லிம் மன்னருக்கு நட்புக் கடிதம் எழுதினார். இரு தரப்பாரும் வெவ்வேறு வழியில் ஒரே இறைவனை நம்பி வணங்குவதாக அதில் குறிப்பிட்டார். பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 1095இல் போப் இரண்டாம் உர்பான் சிலுவைப் போருக்கு அறைகூவல் விடுத்தார். 1099இல் பைத்துல் முகத்தஸ் வீழ்ந்தது. முஸ்லிம்களும் யூதர்களும் பெருந்திரளாகக் கொல்லப்பட்டனர். 1187இல் ஸலாஹுத்தீன் அய்யூபி (ரஹ்) அவர்கள் அதனை மீட்டபோது அவ்வாறு பழிதீர்க்கவில்லை. 1219இல் போர் நடந்துகொண்டிருந்த எகிப்தின் திம்யாத்தில், அசிசி நகரத் துறவி பிரான்சிஸ், ஆயுதமின்றி சுல்தான் அல்மலிக் அல்காமிலைச் சந்தித்தார். சுல்தான் அவரைக் கண்ணியமாக நடத்திப் பாதுகாப்பாகத் திருப்பியனுப்பினார்.

1455இல் போப் ஐந்தாம் நிக்கோலாஸ் வெளியிட்ட ஆணை, முஸ்லிம்களின் நாடுகளைக் கைப்பற்றவும் மக்களை அடிமையாக்கவும் போர்ச்சுகல் மன்னருக்கு இசைவளித்தது. அந்த ஆணையின் நிழலில் வந்த போர்ச்சுகீசியரின் கப்பல்களே பின்னர் மலபார்க் கரையிலும் முத்துக்குளித்துறையிலும் நம் முன்னோர்களின் கடல் வாணிபத்தை நசுக்கின. குஞ்ஞாலி மரைக்காயர்களின் கடற்போர் அதற்கெதிராக எழுந்ததே. இவ்வாணைகளின் அடிப்படையில் எழுந்த கோட்பாட்டைத் திருச்சபை ஏற்கவில்லையென 2023 மார்ச்சில் வாடிகன் வெளிப்படையாக அறிவித்தது.

1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஒரு திருப்புமுனை. 1965 அக்டோபர் 28இல் அது வெளியிட்ட அறிக்கைக்கு ஆதரவாக 2,221 பேரும் எதிராக 88 பேரும் வாக்களித்தனர். முஸ்லிம்களை மதிப்போடு நோக்குவதாகவும், அவர்கள் ஒரே இறைவனை வணங்குவதாகவும், இயேசுவை இறைத்தூதராகப் போற்றி மரியாவைக் கண்ணியப்படுத்துவதாகவும், தொழுகை, தர்மம், நோன்பு ஆகியவற்றைப் பேணுவதாகவும் அவ்வறிக்கை கூறியது. கடந்தகாலப் பகைமையை மறந்து நீதிக்காகவும் அமைதிக்காகவும் இணைந்து உழைக்குமாறு இருதரப்பையும் வேண்டியது.

2006 செப்டம்பரில் போப் பதினாறாம் பெனடிக்ட் ஜெர்மனியில் ஆற்றிய உரையில் மேற்கோள் காட்டிய ஒரு பழைய வாசகம் முஸ்லிம் உலகைப் புண்படுத்தியது. அதற்கு நம் உலமாக்கள் அளித்த மறுமொழியை என்றும் நினைவிற்கொள்ள வேண்டும். 2007 அக்டோபரில் 138 முஸ்லிம் அறிஞர்கள், பொதுவான ஒரு வாக்கியத்தின்பால் வேதக்காரர்களை அழைக்கும் திருவசனத்தை (3:64) அடிப்படையாக்கி, இறையன்பும் அயலார் அன்பும் குறித்துக் கூட்டுக் கடிதம் எழுதினர். புண்பட்ட உள்ளத்திலிருந்து அறிவு பேசியது. 2019 பிப்ரவரி 4இல் அபூதாபியில் போப் பிரான்சிஸும் அல்அஸ்ஹரின் ஷைகு அஹ்மத் அத்தய்யிப் அவர்களும் மனித சகோதரத்துவ ஆவணத்தில் கையொப்பமிட்டனர்.

நாம் எங்கே நிற்கிறோம்?

கிறிஸ்தவராக இருந்து இஸ்லாத்தைத் தழுவிய அதீ பின் ஹாத்திம் (ரலி) அவர்களைப் பற்றிய அறிவிப்பு ஒன்று திர்மிதியில் இடம்பெறுகிறது. வேதக்காரர்கள் தம் அறிஞர்களையும் துறவிகளையும் இரட்சகர்களாக்கிக் கொண்டனர் என்னும் வசனத்தை (9:31) நபியவர்கள் ஓதினார்கள். அவர்களை நேரடியாக வணங்கவில்லைதான், ஆயினும் அவர்கள் ஆகுமாக்கியதை ஆகுமெனவும், தடுத்ததைத் தடையெனவும் அப்படியே எடுத்துக்கொண்டனர் என்று விளக்கமளித்தார்கள்.

இஸ்லாத்தில் அடியானுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே குருத்துவம் இல்லை. தவ்பாவுக்கு இடைத்தரகர் இல்லை. அபூபக்ர் (ரலி) அவர்கள் கலீஃபாவானதும், தாம் சரியாக நடந்தால் துணை நிற்குமாறும், தவறினால் திருத்துமாறும் மக்களையே வேண்டினார்கள். அவர்கள் உம்மத்தின் நிர்வாகத் தலைவராக இருந்தார்கள். புதிய நம்பிக்கையை அறிவிக்கும் அதிகாரத்தைக் கோரவில்லை.

ஆனால் இதைச் சொல்லிப் பெருமை கொள்வதோடு நம் கடமை முடிந்துவிடுமா? அடுத்த சில வசனங்களிலேயே அல்லாஹ், அவ்வறிஞர்களிலும் துறவிகளிலும் பலர் மக்களின் பொருளைத் தவறான முறையில் உண்கின்றனர் என்று எச்சரிக்கிறான் (9:34). அந்த வசனம் தொடங்குவதே, ஈமான் கொண்டவர்களே என்று நம்மை அழைத்துத்தான். அவர்களின் நோய் நம்மைத் தொற்றிவிடக் கூடாது என்பதற்காகவே அது சொல்லப்பட்டது.

2002இல் பாஸ்டன் நகரில், குருக்கள் சிலர் சிறார்களுக்கு இழைத்த கொடுமைகளை மேலிடம் மறைத்த செய்தி வெளியானது. 2018இல் சிலி நாட்டின் ஆயர்கள் அனைவரும் இத்தகைய விவகாரத்தில் ஒட்டுமொத்தமாகப் பதவி விலகல் கடிதம் அளித்தனர். இதனைக் கேட்டு நாம் ஏளனம் செய்யலாகாது. மார்க்கத்தின் பெயரால் ஒருவரைக் கேள்விக்கு அப்பாற்பட்டவராக்கும் எந்தச் சமூகத்திலும் இது நிகழும். தம் தலைவர் சொன்னால் மறுபேச்சில்லை என்று இயங்கும் குழுக்கள் நம்மிடம் இல்லையா? வரவு செலவைக் கேட்டவரை ஜமாஅத்தின் எதிரியாகப் பார்க்கும் நிர்வாகம் எங்கும் இல்லையா? மதரஸாவில் பிள்ளைக்கு ஒரு துன்பம் நேர்ந்தால், மார்க்கத்துக்கு இழுக்கு என்று அஞ்சி மூடி மறைக்காமல் இருக்கிறோமா? குருத்துவம் இல்லாத மார்க்கத்தில் பிறந்தும், நமக்கென்று சிறு சிறு போப்புகளை நாமே உண்டாக்கிக் கொண்டால் பழி யாரைச் சாரும்?

அவர்களிடமிருந்து நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய நன்மைகளும் உண்டு. லூதரின் எதிர்ப்புக்குப் பின் கூடிய திரெந்து சங்கம் (1545-1563), பயிற்சியற்ற குருக்களால் நேர்ந்த சீர்கேட்டை உணர்ந்து, ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் குருமடம் அமைக்கப் பணித்தது. இன்று ஒரு கத்தோலிக்கக் குரு தத்துவமும் இறையியலும் பல ஆண்டுகள் பயின்ற பிறகே பொறுப்பேற்கிறார். அவரது முதுமைக்கும் நோய்க்கும் மறைமாவட்டம் பொறுப்பேற்கிறது. நம் மஹல்லாவின் இமாமுக்கு நாம் தரும் ஊதியம் என்ன? அவர் முதுமையடைந்தால் அவருக்கு யார் பொறுப்பு? அவர்கள் கல்விக்கூடங்களும் மருத்துவமனைகளும் எழுப்பியிருக்கிறார்கள். டாக்டர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் அவர்கள் இயற்பியல் பயின்றது திருச்சியில் இயேசு சபையார் நடத்தும் புனித வளனார் கல்லூரியில்தான். வக்ஃபு சொத்துக்களை விட்டுச்சென்ற நம் முன்னோர்களின் நோக்கமும் இத்தகைய சேவையே அன்றோ?

அன்புச் சகோதரர்களே! உங்கள் பிள்ளை கத்தோலிக்க நண்பனைப் பற்றிக் கேட்டால், அவர்கள் நம்புவதைத் திரிக்காமல் சொல்லுங்கள். நாம் ஏன் அதை ஏற்கவில்லை என்பதை ஆதாரத்தோடு சொல்லுங்கள். ஈஸா (அலை), மர்யம் (அலை) இருவர் மீதும் நமக்குள்ள அன்பைச் சொல்லுங்கள். அடுத்த வீட்டாரின் உரிமையில் மதப் பாகுபாடு இல்லை என்பதை நடத்தையால் காட்டுங்கள். அறிவோடு கூடிய ஈமான் அடுத்தவரின் ஆலயத்தைக் கண்டு அஞ்சுவதும் இல்லை, அதில் கரைந்துபோவதும் இல்லை.

வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் தவ்ஹீதில் உறுதியாக்கி, எல்லா மக்களிடமும் நீதியோடு நடக்கச் செய்து, நம் ஜமாஅத்துக்களைச் சீர்படுத்தி, நம் பிள்ளைகளை அறிவும் ஈமானும் நிறைந்தவர்களாக ஆக்கியருள்வானாக! ஆமீன்! வஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன்.